தேர்வு யாருக்காக? பழனி மலைப் பள்ளிகளும் கற்றல் அடைவும்

பள்ளியில் செலவிட்ட காலத்தின் முடிவில் ஒரு மாணவர் எதைத் தெரிந்துகொண்டிருக்கிறார், எதைச் செய்ய வல்லவராகியிருக்கிறார் என்பதைக் கல்வியியலார் 'கற்றல் அடைவு' என்று குறிப்பிடுகிறார்கள். அந்த அடைவைக் கண்டறிய உதவும் கருவிகளுள் ஒன்றுதான் தேர்வு. கருவியையும் அது காட்ட வேண்டிய பொருளையும் ஒன்றாகவே எண்ணும் பழக்கம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், மதிப்பெண் உயர்ந்தால் கற்றலும் உயர்ந்துவிட்டது என்றும், தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆசிரியர் பாடம் நடத்தவில்லை என்றும் பெற்றோரும் கல்வி அலுவலர்களும் எளிதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலைகள் பொருத்தமான களம். ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட பள்ளிகளும், அவற்றுக்கேற்ப மாறுபட்ட தேர்வு முறைகளும், ஒரே மலைத்தொடரில் சில மணி நேரப் பேருந்துப் பயண இடைவெளிக்குள் இங்கே அமைந்திருக்கின்றன.

இம்மலைகளை உள்ளூர் மக்கள் மேல்மலை, கீழ்மலை என்று பிரித்துச் சொல்வார்கள். கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று நீளும் மேல்மலை ஊர்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவை விளைகின்றன. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை என்று கிழக்கே இறங்கும் கீழ்மலையில் காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு ஆகியவை வாழ்வாதாரம். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் அரையாண்டுத் தேர்வும் ஏறத்தாழ ஒரே மாதங்களில் வந்து சேர்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலைகளையும் தாக்கியபோது மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் சாலைகள் அடைபட்டன. சமவெளியில் இருந்துகொண்டு பள்ளி நாட்காட்டியையும் தேர்வு அட்டவணையையும் வகுப்பவர்கள் மலையின் இந்த நாட்காட்டியைக் கணக்கில் கொள்வது அரிது.

ஆய்வாளர் வரும் நாள்

தேர்வு முடிவையும் பள்ளியின் வருமானத்தையும் முடிச்சுப்போடும் எண்ணம் புதியதன்று. மதுரையில் 1834இல் பணியைத் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தன் உறுப்பினர்கள் பலரை இழந்த பிறகு, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது. சமவெளிச் சிற்றூர்களில் மிஷன்கள் பள்ளிகளை நடத்திவந்த அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை மாகாண அரசு 'விளைவுக்கேற்ற மானியம்' என்னும் முறையைக் கையாண்டது. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தொகுப்பைப் பின்பற்றிய இம்முறையில், அரசின் பள்ளி ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். எத்தனை பேர் எந்தப் பாடத்தில் தேறினார்களோ அதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். பல ஊர்களில் ஆசிரியரின் சம்பளமே அந்த மானியத்தைத்தான் நம்பியிருந்தது.

அதன் விளைவை ஊகிப்பது கடினமன்று. இங்கிலாந்தில் பல்லாண்டுகள் பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டு, பிள்ளைகள் வாசிப்பதில்லை, வாசகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள் என்பதைக் கண்டு இம்முறையை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆய்வாளர் கேட்கக்கூடிய பகுதி மட்டுமே பாடமாகிறது. தேற வாய்ப்பில்லாத பிள்ளை பள்ளிக்குப் பயன்படாத பிள்ளையாகிறது. சென்னை மாகாணத்தில் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஓர் அளவையை முன்வைத்துப் பரிசும் தண்டனையும் வழங்கத் தொடங்கினால் அந்த அளவையே திரிந்துபோகும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970களில் கூறிய விதியைச் சென்னை மாகாணத்துச் சிற்றூர் ஆசிரியர்கள் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே தங்கள் சம்பளத்தின் வழியாக அறிந்திருந்தார்கள்.

மானியம் போய்விட்டது; மனப்போக்கு போகவில்லை. பொதுத்தேர்வு முடிவு வந்ததும் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை அழைத்து விளக்கம் கேட்கும் ஆய்வுக்கூட்டங்கள், பள்ளி வாசலில் 'சென்டம்' எடுத்தவர்களின் படங்களோடு கட்டப்படும் பதாகைகள், தேர்வுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கும் காலை மாலைச் சிறப்பு வகுப்புகள், 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டப்பட்டவர்களுக்குத் தேர்ச்சிக்குப் போதுமான வினாக்களை மட்டும் தொகுத்துத் தரும் கையேடுகள் ஆகிய எல்லாமே அந்தப் பழைய ஆய்வாளரின் வழிவந்தவைதாம். இவற்றில் ஈடுபடும் ஆசிரியர்களைக் குறைசொல்வது நேர்மையாகாது. ஒரு பிள்ளையையாவது கரையேற்றிவிட வேண்டும் என்ற தவிப்பில்தான் பலர் விடியலிலேயே வகுப்பைத் திறக்கிறார்கள். ஆனால் 'புக் பேக்' வினாக்களையும் ஒரு மதிப்பெண் விடைகளையும் திரும்பத் திரும்ப எழுதவைத்துப் பெறும் தேர்ச்சி எதைக் காட்டுகிறது என்ற கேள்வி அவர்களுடைய உழைப்பால் மறைந்துவிடுவதில்லை.

அக்கேள்விக்கு வெளியிலிருந்து ஒரு பதில் 2011 டிசம்பரில் வந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 15 வயது மாணவர்களிடையே நடத்தும் 'பீசா' என்னும் பன்னாட்டுத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. பங்கேற்ற 74 நாடுகள் மற்றும் பகுதிகளின் பட்டியலில் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் நின்றன. அதே காலத்தில் தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்புத் தேர்ச்சி 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பாடநூலில் உள்ளதைத் திருப்பிச் சொல்வதை ஒரு தேர்வு அளந்தது. முன்பின் பார்த்திராத ஓர் அறிவிப்பையோ அட்டவணையையோ படித்துப் பொருள்கொள்வதை மற்றொன்று அளந்தது. வினாக்கள் நம் சூழலுக்கு அந்நியமானவை என்ற மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அதற்கடுத்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்காமல் ஒதுங்கிக்கொண்டது சரியான விடையன்று. வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிட்டால் காய்ச்சல் தணிவதில்லை.

ஒரே மலையில் இரு வகை மதிப்பீடு

கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பை ஒட்டி அமைந்திருக்கும் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி, மிஷனரிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1901இல் ஹைகிளர்க் பள்ளி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1976இல் ஐ.பி. எனப்படும் பன்னாட்டு இளநிலைப் பட்டயத் திட்டத்தை ஏற்று, இந்தியாவிலேயே அத்திட்டத்தை நடத்திய முதல் பள்ளி ஆயிற்று. மேல்நிலை வகுப்புகளுக்கு இணையான இந்த ஈராண்டுத் திட்டத்தில் மாணவர் ஆறு பாடங்களைப் பயில்கிறார். ஒவ்வொன்றுக்கும் உச்சப் புள்ளி 7. அறிவு என்பது எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராயும் ஒரு தனிப்பாடத்துக்கும், மாணவரே தேர்ந்தெடுத்த பொருளில் 4,000 சொற்கள்வரை எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து மேலும் 3 புள்ளிகள். ஆக மொத்தம் 45. எழுத்துத் தேர்வுக்கு வெளியே ஆய்வகக் குறிப்பு, வாய்மொழி விளக்கம் போன்றவற்றைப் பாட ஆசிரியரே மதிப்பிடுகிறார். அவர் இட்ட புள்ளிகள் சரியா என்பதை, மாதிரிகளைப் பெற்றுப் பள்ளிக்கு வெளியே உள்ள மதிப்பீட்டாளர் சரிபார்க்கிறார்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்கது புள்ளிக்கணக்கன்று. 4,000 சொல் கட்டுரையை எழுதும் மாதங்களில் மாணவரும் வழிகாட்டும் ஆசிரியரும் பலமுறை உட்கார்ந்து பேசுகிறார்கள், வரைவு திருத்தப்படுகிறது, எந்த அடிப்படையில் மதிப்பிடப்படும் என்பது முன்னரே எழுத்தில் தரப்பட்டிருக்கிறது. மதிப்பீடு நடக்கும்போதே கற்றலும் நடக்கிறது. மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் வகுத்த பாகுபாட்டின்படி, பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்திக்கொள்ள உதவுவது வளரறி மதிப்பீடு. முடிந்தபின் எவ்வளவு தேறியது என்று கணக்கெடுப்பது தொகுத்தறி மதிப்பீடு. இரண்டும் தேவை. வளரறி மதிப்பீட்டைச் செம்மையாக நடத்துவதற்குச் சிறிய வகுப்பும், ஆசிரியருக்கு ஓய்ந்த நேரமும், அதற்கான பொருள்வசதியும் வேண்டும். இவற்றைக் கட்டணத்தின் வழியே பெறும் பள்ளியோடு அரசுப் பள்ளியை மதிப்பெண்ணால் ஒப்பிடுவது பொருளற்றது. முறையால் ஒப்பிடுவது பயனுள்ளது.

தமிழ்நாடு அந்த முறையை அறியாத மாநிலமன்று. 2012இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் முப்பருவ முறையோடு 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு' நடைமுறைக்கு வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. எண்ணம் நல்லது. ஆனால் வளரறி என்பதற்கே மதிப்பெண் என்று ஆனபின், அது ஆசிரியருக்குத் தகவல் தரும் வழியாக இல்லாமல் பதிவேட்டில் நிரப்ப வேண்டிய கட்டமாக மாறியது. செயல்திட்டங்கள் பல இடங்களில் கடையில் வாங்கி ஒட்டிய படங்களாயின. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. விடைத்தாளில் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. இரண்டையும் ஒருங்கே பெற்றவர்களும் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண் ஒன்று கண்ணில் பட்டதும் அதன் அருகில் எழுதப்பட்ட வாக்கியத்தை மாணவர் படிப்பதில்லை. பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளரறி மதிப்பீட்டின் பயன் பின்தங்கிய மாணவர்களுக்கே மிகுதி என்ற முடிவுக்கு வந்தார்கள். மலைப்பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை.

ஏணியும் அட்டையும்

மேல்மலையிலும் கீழ்மலையிலும் பிரிந்து கிடக்கும் சிற்றூர்த் தொடக்கப்பள்ளியின் அடிப்படைச் சிக்கல் பல்வகுப்புக் கற்பித்தல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். கேட்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். ஆனால் 20 பிள்ளைகள் ஐந்து வகுப்புகளில் பரவியிருக்கும்போது, ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடத்த வேண்டியிருக்கிறது. மற்றவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மலையிறங்கிவிட்டால் ஐந்து வகுப்புகளும் ஒருவர் கையில். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி போன்ற ஊர்கள் தலைமுறைகளாக நடைபாதையை மட்டுமே நம்பியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், ஓர் ஆசிரியர் ஊருக்குள் வந்து சேர்வதே எவ்வளவு பெரிய செயல் என்பது புலப்படும்.

இத்தகைய பள்ளிக்கு ஏற்ற முறையொன்றை உருவாக்கியவர்கள் ஆந்திரத்து ரிஷி வேலிக் கல்வி மையத்தினர். சிற்றூர்ப் பள்ளிகளுக்காக அவர்கள் வடிவமைத்த அட்டை முறையை முன்மாதிரியாகக் கொண்டு, அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்பை ஏற்றபோது, 2007–08இல் அது மாநிலத்தின் எல்லா அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. மாநகரத்தில் தொடங்கியதென்றாலும், அதன் வேர் ஓராசிரியர் சிற்றூர்ப் பள்ளியில்தான் இருக்கிறது.

அம்முறையின் அமைப்பைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். ஒவ்வொரு பாடமும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, சுவரில் தொங்கும் ஓர் ஏணிப்படமாக வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் விலங்கு, பறவை போன்ற ஒரு சின்னமும் எண்ணும் உண்டு. பிள்ளை காலையில் வந்ததும் ஏணியில் தன் படி எது என்று பார்த்து, அதே சின்னம் உள்ள தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டு, அந்தச் சின்னத்துக்குரிய குழுவில் பாயில் போய் அமரும். அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு என்ற வரிசையில் அட்டைகள் அமைந்திருக்கும். மதிப்பீட்டு அட்டையில் தடுமாறினால் குறைதீர் அட்டை, தேறினால் வளப்படுத்தும் அட்டை அல்லது அடுத்த படி. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கரும்பலகை ஒதுக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் அமர்வார்.

இங்கே தேர்வு ஒழிக்கப்படவில்லை. அது எல்லா அட்டைகளுக்கும் நடுவே ஓர் அட்டையாக வந்துபோகிறது. பிள்ளைக்கு அது தேர்வென்றே தெரியாது. காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரோடு மூன்று வாரம் வேறு ஊரில் தங்கிவிட்டுத் திரும்பும் பிள்ளை, வழக்கமான வகுப்பில் தான் தவறவிட்ட பாடத்தை இனி ஒருபோதும் எட்டிப்பிடிக்க முடியாது. ஏணியிலோ விட்ட இடத்தில் தொடங்கிக்கொள்ளலாம். மலைநாட்காட்டிக்கும் பள்ளி நாட்காட்டிக்கும் உள்ள முரணைத் தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் நேர்முகமாகத் தீர்க்க முயன்ற ஏற்பாடு இதுதான் என்று துணிந்து கூறலாம்.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போயின. ஆசிரியர் விளக்கிச் சொல்ல வேண்டிய இடத்தில் அட்டையே ஆசிரியராயிற்று என்ற குற்றச்சாட்டு எழுந்தது. புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்ட பெற்றோர் ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் வேனைத் தேடிப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏணியில் தன் வேகத்தில் ஏறிய பிள்ளை மேல் வகுப்புக்குப் போனதும், அனைவருக்கும் ஒரே நாள், ஒரே தாள் என்னும் வேறோர் உலகில் தள்ளப்பட்டது. பிறகு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறது. வகுப்பின் நிலைக்கேற்பப் பிள்ளையை இழுக்காமல் பிள்ளையின் நிலைக்கேற்பக் கற்பிப்பது என்ற கருத்து, பெயர் மாறியும் தொடர்கிறது என்பது ஆறுதல்.

தவறான விடையில் உள்ள செய்தி

ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்: 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. இன்னொன்று 79 என்கிறது. மூன்றாவது 24 என்கிறது. மூன்று விடைகளும் தவறு. விடைத்தாளில் மூன்றுக்கும் சுழியம். ஆனால் 35 என்று எழுதிய பிள்ளை, 2இலிருந்து 7 போகாது என்று கண்டு, பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. அதாவது கடன் வாங்கிக் கழிப்பதன் பின்னால் உள்ள இடமதிப்பு அதற்குப் புரியவில்லை. 79 என்று எழுதியது கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்டது. அதற்குக் கழிக்கத் தெரிந்தும் இருக்கலாம். 24 என்று எழுதியதற்கு முறை முழுவதும் தெரியும். 12இலிருந்து 7 போனால் எவ்வளவு என்பதில் மட்டும் ஒன்று பிசகிவிட்டது. முதல் பிள்ளைக்குத் தீக்குச்சிக் கட்டுகளையும் தனிக் குச்சிகளையும் வைத்துக்கொண்டு பத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதை வினாவை உரக்கப் படிக்கச் சொன்னால் போதும். மூன்றாவதற்கு விரைந்து கழிக்கும் பயிற்சி வேண்டும். மூவரையும் 'கணக்கில் மெல்லக் கற்போர்' என்று ஒரே வரிசையில் உட்காரவைத்து ஒரே கணக்கை இருபது முறை எழுதச் சொன்னால் மூவருக்கும் பயனில்லை. இவ்வாறு தவறின் காரணத்தைத் தேடும் தேர்வை ஆசிரியர் பயிற்சி நூல்கள் குறையறி சோதனை என்கின்றன. அதற்குத் தனித்தாள் அச்சிட வேண்டியதில்லை. திருத்திய நோட்டை மறுபடி ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே பிள்ளையிடம், 52 ரூபாய் கையில் இருக்கிறது, 27 ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி எவ்வளவு என்று சந்தையில் கேட்டால், 27க்கு மூன்று சேர்த்தால் 30, அங்கிருந்து 50, பிறகு 2 என்று ஏறிக்கொண்டே போய் 25 என்று சரியாகச் சொல்லிவிடவும் கூடும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் சிறார்களிடையே தெரெசின்யா நூனெஸ் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, கடையில் சரியாகக் கணக்கிடும் சிறார் அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் தவறுவதைக் காட்டியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலைசெய்யும் சிறார்களிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. கூடவே, பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுவதையும் எடுத்துக்காட்டியது. அளக்க வேண்டியதை ஒரு தேர்வு உண்மையிலேயே அளக்கிறதா என்பதைக் கல்வியியல் 'ஏற்புடைமை' என்றும், திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே முடிவைத் தருகிறதா என்பதை 'நம்பகத்தன்மை' என்றும் வழங்குகிறது. நம் பொதுத்தேர்வுகளின் முழுக் கவனமும் நம்பகத்தன்மையிலேயே, அதாவது வினாத்தாள் கசியாமல் இருப்பதிலும் திருத்துவோர் ஒரே விடைக்குறிப்பைப் பின்பற்றுவதிலுமே செலவாகிறது. பூண்டு மூட்டைக்கும் கமிஷனுக்கும் மனக்கணக்குப் போடும் பூம்பாறைப் பிள்ளையின் கணித அறிவு அத்தேர்வின் கண்ணில் படாமலே போய்விடுவது ஏற்புடைமை பற்றிய கேள்வி. அது அரிதாகவே கேட்கப்படுகிறது.

மலைக்குக் கீழே சின்னாளபட்டியை ஒட்டி 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தின் ஆதாரக்கல்வி இந்தக் கேள்விக்கு வேறொரு வகையில் விடை தேடியது. 1937இல் வார்தாவில் வகுக்கப்பட்ட அக்கல்வித் திட்டத்தில் பாடம் கைத்தொழிலிலிருந்து பிறக்கும். நூற்ற நூல் அறுந்தால் அது பிள்ளைக்கு உடனே தெரியும், ஆசிரியர் மதிப்பெண் இட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் அத்திட்டம் நிலைக்கவில்லை. ஆனால் செய்துகாட்டும் திறனைச் சோதிக்க வேண்டும் என்ற அதன் கருத்து இன்றும் வலுவானதே.

போட்டியை விரும்பாதவர்கள்

பழனி மலைகளின் தொல்குடிகளான பளியரைப் பற்றிக் குறிப்பிடாமல் இம்மலைகளின் கல்வியைப் பேச முடியாது. பழனி மலைப் பளியரைப் பற்றிச் சேசு சபைத் துறவி தாமன் 1908இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியரிடையே 1960களில் தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஒருவரையொருவர் சமமாக மதிப்பதும், போட்டியையும் ஒப்பீட்டையும் தவிர்ப்பதும், பூசல் எழுந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிப்போவதும் அவர்களுடைய வாழ்வின் அடிப்படை நெறிகள் என்று பதிவுசெய்தார். அறிவு என்பது அங்கே ஒருவர் மற்றவருக்கு முறைப்படி போதிப்பதைவிட, ஒவ்வொருவரும் தாமே கண்டும் செய்தும் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் அப்படிக் கற்றவையே.

இந்த நெறியில் வளர்ந்த பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது உனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பது என்ன விளைவை உண்டாக்கும்? மறுநாள் அது பள்ளிக்கு வராமல் இருந்தால், அது படிப்பில் நாட்டமின்மையாக இல்லாமல், மதிப்பிழந்த இடத்திலிருந்து விலகிப்போகும் பண்பாடாகவும் இருக்கலாம். இது கார்ட்னரின் பதிவுகளிலிருந்து எழும் ஊகமே. ஆயினும் பழங்குடிப் பிள்ளைகளின் இடைநிற்றலை ஆராய்பவர்கள் வறுமை, தொலைவு என்ற காரணங்களோடு வகுப்பறையின் ஒப்பீட்டு முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது அவசியம். தமிழ்நாடு 2017இல் பொதுத்தேர்வுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் தரவரிசையைக் கைவிட்டது சிறந்த முடிவு. அந்த முடிவு மாநில அளவோடு நின்றுவிட்டது. வகுப்பறைக்குள் ரேங்க் இன்னும் வாழ்கிறது.

வகுக்கும் எண்

2020இல் பெருந்தொற்றால் 10ஆம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் கொடுத்து மதிப்பெண் கணக்கிடப்பட்டது. நெருக்கடியில் எடுத்த முடிவு என்பதால் அதைக் கடிந்துகொள்வதற்கில்லை. ஆனால் வருகைப்பதிவு மதிப்பெண்ணாகும்போது, மழையில் பேருந்து வராத ஊரின் பிள்ளை பாடத்துக்காக இல்லாமல் சாலைக்காக மதிப்பெண்ணை இழக்கிறது. மலையில் இது கண்கூடு. சமவெளியில் இதே உண்மை வேறு உருவங்களில் ஒளிந்திருக்கிறது: பெற்றோரின் படிப்பு, வீட்டில் உள்ள இடம், தனிப்பயிற்சிக்குச் செலவிட முடிந்த தொகை. மருத்துவச் சேர்க்கைக்கு 2017 முதல் 'நீட்' கட்டாயமான பிறகு, பயிற்சி மையம் இருக்கும் நகரத்துக்கும் மலையூருக்கும் உள்ள தொலைவும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

தேர்ச்சி விழுக்காட்டின் இன்னொரு குறை இதைவிடப் பெரிது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. விழுக்காடு என்பது ஒரு வகுத்தல். தேறியவர்களைத் தேர்வெழுதியவர்களால் வகுக்கிறோம். ஓர் ஊரில் 20 பேர் 1ஆம் வகுப்பில் சேர்ந்து, அவர்களில் 12 பேர் மட்டும் 10ஆம் வகுப்புத் தேர்வுக்கூடம்வரை வந்து, அந்தப் 12 பேரும் தேறினால், அறிக்கையில் 100 விழுக்காடு என்று வரும். வராமல் போன 8 பேர் கணக்கின் மேலும் இல்லை, கீழும் இல்லை. 8ஆம் வகுப்புவரை எவரையும் நிறுத்திவைக்காத கொள்கையைத் தமிழ்நாடு இன்றும் கடைப்பிடிப்பதால், வடிகட்டும் வேலை 9ஆம் வகுப்பில்தான் தொடங்குகிறது. தேர்ச்சியைக் காத்துக்கொள்ள விரும்பும் பள்ளிகளில் தேற மாட்டார் என்று கருதப்படும் மாணவரிடம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்படியோ, தனித்தேர்வராக எழுதும்படியோ சொல்லப்படுவது பரவலாக அறியப்பட்ட குறை. மானியத்தை நம்பியிருந்த அந்தப் பழைய சிற்றூர் ஆசிரியர் தேறாத பிள்ளையை எப்படிப் பார்த்திருப்பாரோ, அதே பார்வைதான் இது. போதிய ஆசிரியர்கள் இல்லாமல் மலையூரில் இயங்கி, எந்தப் பிள்ளையையும் அனுப்பிவிடாமல் எல்லோரையும் தேர்வெழுதவைத்து 70 விழுக்காடு காட்டும் பள்ளி, எட்டுப் பேரை வழியில் இழந்துவிட்டு 100 காட்டும் பள்ளியைவிடப் பெரிய பணியைச் செய்திருக்கிறது. ஆய்வுக்கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியவரோ முதற்பள்ளியின் தலைமையாசிரியர்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லதே. அதைவிட எளிதான, செலவே இல்லாத ஒரு மாற்றத்தையும் பள்ளிக்கல்வித் துறை செய்ய முடியும். ஒவ்வொரு பள்ளிக்கும் 10ஆம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடும் நாளில், அப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களில் பத்தாண்டுகளுக்கு முன்பு 1ஆம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அவ்வாண்டு தேர்வுக்கூடத்தில் இருந்தார்கள் என்ற எண்ணையும் அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் கொடுத்துக் கணினியில் பதிவுசெய்துவரும் துறைக்கு அந்தக் கணக்கு கைவசம் இருக்கிறது.